போதாத பால்

786
கொழும்பு
12 ஜூன் 1938

ஜன்னத், உன் பிள்ளையைப் பட்டினி போடுவது நீதான். ஸலாம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நலம் விசாரிக்கிற வரிகளுக்குள் இது முங்கிப்போகும்.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மச்சானும் மாமியும் பிள்ளை மைமூனும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். பிள்ளை சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டே இதை எழுதவேண்டியிருக்கிறது.

மச்சான் பரீது போட்ட கார்டு வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா பிள்ளையைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, தாய்க்குப் பால் போதாது, டப்பாப் பால்மாவு கொடுத்தால்தான் தேறும் என்றாராம். நீ வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாயாம். ‘வத்துனாலும் எம் பாலைத்தான் குடிக்கணும்’ என்றாயாம். இதென்ன ரோஷம்? பிள்ளையிடம் காட்டுகிற ரோஷமா?

உம்மா பெற்ற பிள்ளைகளில் மிஞ்சியது நாம் இரண்டு பேர்தான். மற்றவர்கள் பாலில்லாமல் போனார்களா, பேதியில் போனார்களா என்று ஒருவர் கேட்கவில்லை. அல்லாஹ் கொடுத்தான், எடுத்தான் என்று சொல்லிவிட்டு வாப்பா மறுபடியும் தறிக்குழியில் இறங்கினார். அன்றைக்கு டாக்டர் இல்லை, டப்பா இல்லை. இன்றைக்கு இரண்டும் இருந்தும் நம் தெரு பிள்ளைகளைக் குழியில்தான் வைக்கும் என்றால், இந்தத் தெருவைத் திருத்தவே முடியாது.

நான் நிற்கிற கடையில், அதுதான் அகமது கபீர் முதலாளி கடையில், இந்த மாவைத் துரைசானிகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கன்னம் தனியாகத் தெரியும். ஊருக்கு வருகிற நம் தெரு ஆதமிடம் சில டப்பாக்கள் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

இன்னொன்று. தெருக் கிணற்றுத் தண்ணீரில் கரைக்காதே. சாரல் தொடங்கியிருக்குமே, மச்சானைக் குற்றாலத்துக்கு அனுப்பி அருவித் தண்ணீர் கொண்டுவரச் சொல். மலையில் உள்ள மூலிகையை எல்லாம் நனைத்துக்கொண்டு வருகிற தண்ணீர். கொதிக்க வைத்தால் அந்தச் சத்துப் போய்விடும், பச்சையாகவே கரைத்துக் கொடு. இங்கே உப்புக் காற்றில் கிடக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

முதலாளியும் இந்த மாதம் ஊருக்கு வருகிறார். அவர் மகள் சுல்தான் பீவிக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் பேறு பார்க்கப் போகிறார்களாம். பிறகு சாரலுக்குக் குற்றாலத்தில் பங்களா.

டப்பாவை இறக்கிவிட்டு எனக்குப் பதில் போடு.

உன் காக்கா
மசூது


786
தென்காசி
21 ஜூன் 1938

காக்காவுக்கு ஜன்னத் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே சாரல் பிடித்துத் தறி நூலெல்லாம் ஈரம். மற்றபடி யாவரும் சுகம். உங்களுக்கு இருமல் நின்றதா?

உங்கள் கடிதத்தை மச்சான் வாசிக்கக் கேட்டு மாமி அழுதார்கள். நான் அழவில்லை. வாப்பா என்னை ஐந்தாவது வரை படிக்க வைத்தது பதில் எழுதத்தானே.

நடந்ததைச் சொல்லுகிறேன். பிள்ளை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு நாக்கில் சேனை வைத்தார்கள். முதலில் எனக்கு மஞ்சளாகக் கெட்டிப் பால் வந்தது. மாமி, ‘அது சீம்பாலு, பச்சப் பிள்ளைக்கு ஆவாது, மாந்தம் வந்துரும்’ என்று பிழிந்து சுவரோரம் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். ஆஸ்பத்திரியிலோ பிள்ளையை வேறு அறையில் வைத்திருந்தார்கள். கடிகாரம் அடித்தால்தான் நர்ஸ் கொண்டுவருவாள். அதுவரை அங்கே அழுகிற சத்தம் கேட்கும், எனக்கு மார் நனையும். எழுந்து போனால், ‘நேரம் ஆவல, படு’ என்பாள். என்னிடம் வரும்போது பிள்ளை அழுது அழுது தூங்கியிருப்பாள். வாயில் வைத்தால் இரண்டு இழுப்பு, பிறகு உறக்கம். புட்டியில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

தராசில் எடை குறைந்தது. டாக்டரம்மா வந்து நின்றார்கள். ‘இந்தா பாரும்மா, ஒனக்குப் பால் பத்தாது. தறிக்குழியில உக்காந்து கஞ்சி குடிக்கிற பொம்பளைக்கு எங்க இருந்து ஊறும்? மாரிலயே போட்டுக்கிட்டு இருந்தியன்னா பிள்ளை போயிரும்’ என்றார்கள். கெட்ட மனசோடு சொல்லவில்லை. புட்டியை அவர்களே கழுவி, பிடிக்கிற விதத்தைக் காட்டிக் கொடுத்தார்கள்.

பிள்ளை போயிரும் என்ற அந்த வார்த்தைதான் காக்கா. அதற்குப் பிறகு என் மாரை நானே நம்பவில்லை. பிள்ளை அழுதால் பசி என்றேன், அழாவிட்டால் அழச் சத்தில்லை என்றேன். ரோஷத்தில் டப்பாவைப் பரணில் வைத்தேன் என்று மச்சான் எழுதியிருக்கிறார். ரோஷம் இல்லை. அதை இறக்கினால், பத்தாது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன்.

நீங்கள் பார்த்தவர், படித்தவர். டப்பாவை இறக்கிவிட்டேன். மச்சான் நேற்றுக் குடத்தோடு குற்றாலம் போய்வந்தார்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஜன்னத்


786
கொழும்பு
4 ஜூலை 1938

என் தங்கைக்கு மசூது எழுதுவது. ஸலாம். உன் கடிதம் பார்த்து மனசு ஆறியது. இருமல் நின்றுவிட்டது.

போன கடிதத்தில் வெடுக்கென்று எழுதிவிட்டேன். நீ டப்பாவை இறக்கியதுதான் சரி. மஞ்சள் பாலை ஊற்றச் சொன்ன மாமியும், கடிகாரம் வைத்திருக்கிற டாக்டரம்மாவும் ஒன்று என்று நினைக்காதே. ஒருவர் கேள்விப்பட்டதைச் சொல்கிறவர், ஒருவர் படித்ததைச் சொல்கிறவர்.

கடை வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறோம். ‘தாய்ப்பாலுக்கு நிகரானது’ என்று தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கும். தினமும் காலையில் அதைத் துடைப்பது என் வேலை. துடைக்கும்போது மைமூனை நினைத்துக்கொள்கிறேன். டப்பாவில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதைப் பார்த்து, ‘ஏலே மசூது, ஒம் மருமவ இந்தச் செவப்புக்கு வருவாளோ?’ என்று கணக்கப்பிள்ளை காந்திமதிநாதன் அண்ணாச்சி கேலி பண்ணுகிறார். ‘செவப்பு வேண்டாம் அண்ணாச்சி, அந்தக் கன்னம் வந்தாப் போதும்’ என்றேன்.

முதலாளிக்குப் பேரன் பிறந்த தந்தி வந்து, கடையில் எல்லாருக்கும் மஸ்கட் அல்வா கொடுத்தார்கள். பங்களாவுக்கு வந்திருப்பார்கள். எங்காவது பார்த்தால் நான் ஸலாம் சொன்னதாகச் சொல்.

பிள்ளைக்கு எத்தனை கன்னம் வந்திருக்கிறது என்று எழுது.

மசூது


786
தென்காசி
26 ஜூலை 1938

காக்காவுக்கு ஜன்னத் ஸலாம். சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நிற்க இடமில்லாத கூட்டம். எனக்கு நல்ல சாப்பாடு. பூண்டு உரித்துப் பாலில் போட்டுத் தருகிறார்கள், ஆட்டுக்கால் சூப்பும் உண்டு. உடம்பு தேறிவிட்டது.

பிள்ளை டப்பாப் பால்தான் குடிக்கிறாள். கொஞ்சம் வயிற்றுப்போக்கு இருக்கிறது. நேற்று ரொம்ப அழுதாள் என்று மாமி சொன்னார்கள். வேறு ஏதாவது நல்ல மாவு உங்கள் கடையில் வந்திருக்கிறதா? இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் கரைக்கவா, நீர்க்கக் கரைக்கவா? தண்ணீர் நீங்கள் சொன்னபடி அருவித் தண்ணீர்தான், கொதிக்க வைப்பதில்லை.

மச்சானுக்கு நூல் கிடைக்காமல் தறி நின்றிருந்தது. இப்போது ஓடுகிறது.

ஜன்னத்


786
கொழும்பு
4 ஆகஸ்டு 1938

தங்கைக்கு மசூது எழுதுவது. ஸலாம். நான் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். ஆட்டுக்கால் சூப் குடிக்கிறவள் சுகமாகத்தான் இருப்பாள்.

மேலே தென்காசி என்று எழுதியிருக்கிறாய். தபால் முத்திரையில் குற்றாலம் என்றிருக்கிறது. பிள்ளை அழுதாள் என்று மாமி சொன்னதாக எழுதுகிறாய். பிள்ளை அழுதபோது நீ எங்கே இருந்தாய்? நூல் இல்லாமல் தறி நின்ற வீட்டில் ஆட்டுக்கால் வாங்கியது யார்?

உடனே பதில் வேண்டும்.

மசூது


786
கொழும்பு
22 ஆகஸ்டு 1938

ஜன்னத்துக்கு மசூது எழுதுவது. ஸலாம்.

நீ பதில் போடவில்லை. வேண்டாம். தெரிந்துவிட்டது. அதுவும் எப்படித் தெரிந்தது என்று கேள்.

நேற்று முதலாளியிடமிருந்து கடைக்குக் கடிதம் வந்தது. காந்திமதிநாதன் அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார். சரக்கு விவரம், வரவு விவரம் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் இப்படி: ‘பேரன் அல்லாஹ் கிருபையால் நன்றாக இருக்கிறான். நம் மசூதின் தங்கைதான் பங்களாவில் தங்கிப் பால் கொடுக்கிறாள். டப்பா மாவெல்லாம் விற்கிறதோடு சரி, நம் வீட்டுப் பிள்ளைக்கு மனுஷப் பால் இல்லாமல் ஆகாது. மசூதுக்கு உடுத்த ஒரு புதுச் சாரம் எடுத்துக் கொடுக்கவும்.’

‘ஏலே, இனிமே நீ கடைப் பையன் இல்லலே, முதலாளி பேரனுக்குத் தாய்மாமன்’ என்றார் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, என் யோகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சாரத்தை என் தோளில் போட்டார்கள். நான் அதைத் தோளில் போட்டபடியே வாசலுக்குப் போய் அந்தப் பலகையைத் துடைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் திரும்பிப் போய், ‘இந்த இங்கிலீஷ்ல என்ன அண்ணாச்சி போட்டிருக்கு?’ என்று கேட்டேன். ‘நல்லாக் கொதிச்சு ஆறுன தண்ணியில கரைக்கணும்னு போட்டிருக்கு. இத்தன வருஷமா விக்கிய, தெரியாதா?’ என்றார்.

ஜன்னத், இனி அருவித் தண்ணீர் வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீர்தான். இந்தக் கடிதம் வந்ததும் முதலில் அதைச் செய்யச் சொல். மாமிக்கு ஆள் அனுப்பு.

அப்புறம் எனக்குச் சொல். உன் பிள்ளைக்குப் போதாத பால் அவர்கள் பிள்ளைக்கு எப்படிப் போதியது?

மசூது


786
குற்றாலம்
31 ஆகஸ்டு 1938

காக்காவுக்கு ஜன்னத் ஸலாம் சொல்லி எழுதுவது. ஊர்ப் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேன். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். கோபத்தில் சாப்பிடாமல் இருக்கவேண்டாம்.

தண்ணீர் விஷயம் அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் வரியை மச்சானே வாசித்தாராம். அருவித் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோய் முற்றத்தில் கவிழ்த்துவிட்டு, அடுப்பை மூட்டினாராம்.

நாற்பது கழிந்து பிள்ளையை எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டப்பாப் பாலுக்கு நடுவில் நான் மாரிலும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், அது யாருக்கும் தெரியாது. காத்திருந்தபோது சட்டை நனைந்துவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே முதலாளி பெண்சாதி இருந்தார்கள். டாக்டரம்மா என் மாரைப் பிழிந்து கையில் விட்டுப் பார்த்து, ‘நல்ல பால். தெடமான பால். பயப்படாம கூட்டிட்டுப் போங்க’ என்றார்கள். சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரிதான்.

நான் கேட்டேன் காக்கா. கேட்காமல் இல்லை. ‘அன்னைக்குப் பத்தாதுன்னு சொன்னீயளே?’ என்றேன்.

‘அது அன்னைக்கு. இப்ப ஊறியிருக்கு.’

‘அப்ப எம் பிள்ளைக்கே கொடுக்கட்டா?’

‘ஒம் பிள்ளைதான் புட்டிக்குப் பழகிட்டாளே.’

முதலாளி பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘மசூது நம்ம கடைப் பையந்தானே. அவன் தங்கச்சியன்னா எனக்கு மகதான். வேத்தாளாவா கேக்கேன்?’ என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். மச்சானுக்குத் தறி நின்றிருந்தது. இல்லை என்று நான் சொல்லியிருந்தால் கொழும்பில் உங்களுக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன். உங்களுக்கு எழுதினால் நீங்கள் சண்டைக்குப் போவீர்கள் என்றும் நினைத்தேன். அதனால்தான் எழுதவில்லை.

மைமூனை இங்கே கொண்டுவரக்கூடாது என்றுவிட்டார்கள். இரண்டு வாய் வைத்தால் பால் நீர்த்துப்போகுமாம்.

சுல்தான் பீவிக்குப் பதினாறு வயது இருக்கும். பேறு கழிந்ததும் காய்ச்சல் வந்ததால் மாரில் துணி இறுக்கிக் கட்டிப் பாலை வற்றவைத்துவிட்டார்கள். ‘எனக்கும் வந்துச்சு ராத்தா, கல்லுக் கணக்கா வலிச்சுச்சு’ என்றாள். நான் அவள் பிள்ளைக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் காலைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். ‘ஒங்க பிள்ளை பேரு என்ன?’ என்று இந்த வீட்டில் கேட்டது அவள் ஒருத்திதான்.

போன வாரம் அவள்தான் சொல்லி அனுப்பி, மச்சான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். யாரும் வராமல் அவள் காவல் நின்றாள். பிள்ளைக்குத் தொடையில் தோல் தொங்குகிறது. மாரில் வைத்தேன். பால் வழிந்து பிள்ளை கன்னத்தில் ஓடுகிறது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு எதையோ தேடினாள். புட்டி ரப்பரைத் தேடினாள் காக்கா. என்னை யாரென்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்தது இதுதான். அதே மார், அதே பால். இங்கே பிள்ளை அழுதால் கடிகாரம் பார்ப்பதில்லை, உடனே என் மடியில் போடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜன்னத்


786
கொழும்பு
8 செப்டம்பர் 1938

ஜன்னத், ஸலாம்.

வீட்டுக்குப் போ. சொல்லிக்கொண்டு போனாலும் சரி, சொல்லாமல் போனாலும் சரி. என் வேலையை நினைத்து நீ அங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நாளும் நான் சாப்பிடுகிற சோறு மைமூனுடையது. எனக்கு அது வேண்டாம். வேலை போனால் துறைமுகத்தில் மூட்டை இருக்கிறது, முதுகு இருக்கிறது.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

மசூது


786
தென்காசி
28 செப்டம்பர் 1938

காக்காவுக்கு ஜன்னத் ஸலாம். எல்லாரும் சுகம். இந்த வார்த்தையை இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே, இந்த மாதம் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குக் காலையில் முதலாளி பெண்சாதியிடம், ‘பெரியம்மா, எம் பிள்ளையையும் இங்கன கொண்டாந்து ரெண்டுக்கும் கொடுக்கேன்’ என்று கடைசியாகக் கேட்டேன். ‘ஒரு தடவ சொன்னா ஒனக்குப் புரியாதா? பால் நீத்துப்போவும்’ என்றார்கள். ‘ஆடு ரெண்டு குட்டி போட்டா ஒண்ணைக் கொன்னா போடுதோம்?’ என்றேன். ‘வாய் நீளுதே ஒனக்கு. கொழும்புல ஒங்க காக்கா இருக்கான், நெனப்பிருக்கா?’ என்றார்கள். அவர்கள் வாயால் அதைச் சொன்னதும் எனக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. அதுவரை நானாகத்தானே பயந்துகொண்டிருந்தேன். பையனுக்கு வயிறு நிறையக் கொடுத்து, தொட்டிலில் போட்டுவிட்டு, சாரலில் நனைந்துகொண்டு நடந்தே வந்துவிட்டேன்.

முதலில் மைமூன் மாரைத் தொடவில்லை. வைத்தால் வீறிட்டாள். மாமி, ‘போவட்டும் ஏளா, புட்டியிலயே குடு’ என்றார்கள். நான் என் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினேன். அதைக் குடித்தாள். வயிற்றுப்போக்கு மெதுவாக நின்றது. ஆனால் மாரில் மட்டும் மாட்டேன் என்றாள். ஒரு நாள் மத்தியானம் மச்சான் தறி மிதித்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு அந்தச் சத்தத்தில்தான் உறக்கம் வரும். பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். உறக்கத்திலேயே முகத்தால் முட்டி முட்டித் தேடி, பிடித்துக்கொண்டாள். நான் அசையவில்லை. மச்சான் திரும்பிப் பார்த்துவிட்டார். அவரும் தறியை நிறுத்தவில்லை, நிறுத்தினால் விழித்துவிடுவாள் என்று நூல் தீர்ந்த பிறகும் வெறும் தறியை மிதித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது நன்றாகக் குடிக்கிறாள். கன்னம் இன்னும் வரவில்லை. வரும்.

காக்கா, இன்னொன்று கேட்கவேண்டும். கோபப்படாதீர்கள். சாரல் முடிந்து அவர்களும் தென்காசி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பையனுக்குப் புட்டிப் பால் கொடுக்கிறார்களாம், குடித்ததைக் கக்குகிறானாம். வேலைக்காரியிடம் சுல்தான் பீவி சொல்லி அனுப்பினாள். அழுதாளாம். நான் இனி அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். ஆனால் அவனை இங்கே கொண்டுவந்தால் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் இருக்கிறது. அவனுக்கு இடது பக்கம்தான் கொடுத்துப் பழக்கம். மைமூன் குடித்த பிறகும் இடது மார் கட்டிக்கொள்கிறது.

பெரியம்மாவிடம் மச்சான் போய்ச் சொன்னதற்கு, ‘நெசவுக்காரத் தெருவுக்கு எம் பேரனை அனுப்பணுமோ?’ என்றார்களாம். முதலாளிக்கு நீங்கள் எழுதுங்கள். உங்கள் எழுத்து அவருக்குத் தெரியும். மரியாதையாக எழுதுங்கள்.

அவனும் என் பால் குடித்த பிள்ளை காக்கா. நம் மார்க்கத்தில் அவனுக்கு நான் தாய், மைமூன் அவனுக்குக் கூடப்பிறந்தவள். அது அவர்கள் சொல்லி வருவதும் இல்லை, சொல்லிப் போவதும் இல்லை.

ஜன்னத்


786
கொழும்பு, துறைமுகம்
28 அக்டோபர் 1938

கண்ணியத்துக்குரிய முதலாளி அகமது கபீர் அவர்களுக்கு, உங்கள் கடையில் நின்ற மசூது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், முக்கியமாகப் பேரனும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இது சடங்குக்கு எழுதும் வரி அல்ல.

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் மரியாதையாக எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில் கணக்கப்பிள்ளை மூலம் வந்தது. ‘நாளையில இருந்து நீ வரவேண்டாம்னு முதலாளி எழுதியிருக்காக லே’ என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நான் போய்விட்டேன். அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை.

நம் மார்க்கம் பிள்ளைக்குத் தாய்ப்பால் இரண்டு வருஷம் என்கிறது. உங்கள் கடை வாசலில் நீங்கள் மாட்டிய பலகை, டப்பா மாவு அதற்கு நிகர் என்கிறது. அந்தப் பலகையைத் துடைத்தவன் நான். அதை நம்பி என் தங்கையை வைது கடிதம் எழுதினவனும் நான். நீங்கள் அதை நம்பவில்லை. உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்ததும், விற்கிறதை விட்டுவிட்டு ஒரு நெசவுக்காரியின் மாரைத் தேடிப் போனீர்கள். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். பிள்ளை பிழைக்க எது நல்லது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அதை இன்னொரு பிள்ளையின் வாயிலிருந்து எடுத்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

டாக்டரம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் சொல் நாள் போனதால் மாறவில்லை. ஆள் மாறினதும் மாறியது. ஏழைப் பிள்ளை தராசில் இருந்தபோது பால் போதவில்லை, உங்கள் பேரன் தொட்டிலில் இருந்தபோது போதியது. அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் ஏதோ ஒரு ஜன்னத்திடம் யாரோ அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் பேரன் கக்குகிறான் என்று கேள்விப்படுகிறேன். அவனை அனுப்புகிறவரை டப்பா மாவுதான் என்றால், தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றச் சொல்லுங்கள். புட்டியையும் ரப்பரையும் வெந்நீரில் போடச் சொல்லுங்கள். குற்றாலத்து அருவித் தண்ணீர் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் என் மருமகளுக்கு அதைத்தான் கொடுக்கச் சொன்னேன்.

உங்கள் வீட்டிலிருந்து எங்கள் தெரு கூப்பிடு தூரம். யாரும் பார்க்கக்கூடாது என்றால் விடியுமுன் கொண்டுவரட்டும். வேலைக்காரி கொண்டுவரவேண்டாம், உங்கள் மகள் சுல்தான் பீவியே தூக்கிக்கொண்டு வரட்டும். என் தங்கை கூலி கேட்கவில்லை. ஆட்டுக்கால் கேட்கவில்லை. கொழும்பில் எனக்கு வேலை கேட்கவில்லை. என் வீட்டில், என் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறேன் என்கிறாள். அது ஒன்றுதான் அவள் சொல்லுகிற ஒப்பந்தம்.

இடது பக்கம் அவனுக்காகக் கட்டிக்கொண்டு கிடக்கிறது. மைமூனுக்கு வலது பக்கம் போதும்.

என்மேல் உள்ள கோபத்துக்குப் பதில் எழுதவேண்டாம். பலகையைப் பற்றியும் எழுதவேண்டாம். பிள்ளையை அனுப்புங்கள்.

மசூது